பாண்டிநாட்டுக் கற்படுக்கைகள்

மதுரை மாநகரைச் சூழ்ந்து ஆனைமலை, நாகமலை, அழகர்மலை, திருப்பரங்குன்றம் எனப் பெயர் பெற்ற குன்றுகள் பல உள. மரஞ்செடிகள் அருகிய மொட்டைப் பாறைகளே இவற்றுட் பெரும்பாலன. இக்குன்றுகள் பலவற்றில், ஏறுதற்கு எளிதல்லாத ஓரிடத்திலே, பாறையின் நெற்றி முன்னே கவிந்து நிழல் செய்யும் இயற்கைக் குகை ஒன்று காணப்படும். அதனுள்ளே புகுந்து நோக்குவார்க்குத் தரைநெடுக வரிசையாகச் செதுக்கப்பட்ட நீள்சதுரப் பரப்புகள் புலனாகும். ஆள் ஒருவன் காலை நீட்டிக் கிடத்தற்கு ஏற்ற நீளம்; புரண்டு படுத்தற்குப் போதாத அகலம்; ஒரு தலைப்பிலே பாறையைச் சற்று உயர்த்தி விட்டிருப்பர். அவ்வுயர்ச்சியே தலையணை. ஒரு படுக்கைக்கும் மற்றொன்றுக்கும் இடையிற் சிறு வரம்போ வாய்க்காலோ ஓடும். அண்மையில், கோடையிலும் வற்றாத சுனை ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

அயலூர் மக்கள் இவற்றைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்பர். நாடிழந்து காடுறைந்த ஐவர், தலைமறைவாகத் திரிந்த காலத்தில் இங்கே துயின்றனர் என்பது அவர்தம் கதை. சில குகைகளிற் படுக்கைகள் ஐந்தினும் மிக்கு இருத்தல் கதை சொல்வாரை இடர்ப்படுத்துவதில்லை. மகாபாரதத்து வீரர் தென்பாண்டி நாட்டுக்கு வந்து கல்லிற் படுத்தனர் என்பது வரலாறு அன்று. ஆயினும், அரசவாழ்வு துறந்தவர் கிடந்த இடம் இது என்னும் எண்ணம் மக்கள் உள்ளத்தில் ஊன்றி நின்றமையால், கல்லுடைப்பார் கையிலிருந்து பல குகைகள் நெடுங்காலம் தப்பின எனலாம். கதை பொய்யாயினும் காவல் மெய்யே.

உண்மையில் இங்கே துயின்றவர் சமணத் துறவியர். துயின்ற காலம் இற்றைக்கு ஏறத்தாழ ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்குவது. இதனைச் சொல்லுவன படுக்கைகளின் அருகிலும் குகையின் நெற்றியிலும் வெட்டப்பட்டுள்ள எழுத்துக்களே. அவை தமிழ்நாட்டிற் கிடைத்துள்ள மிகப் பழைய கற்சாசனங்களுள் வைத்து எண்ணப்படுவன. தமிழ்மொழி கல்லில் ஏறிய முதற் செய்திகளுட் பல, அரசன் வெற்றியையோ தெய்வத்தின் புகழையோ பற்றியன அல்ல. இன்னார் படுப்பதற்கு இன்னார் இடம் செய்து கொடுத்தார் என்பதே அச்செய்தி.

எழுத்துக்கள் கண்டறியப்பட்டவுடன் வாசிக்கப்பட்டன என்று கருதுதல் தவறு. மதுரைக்கு வடகிழக்கே மீனாட்சிபுரத்தை அடுத்த மாங்குளம் மலைச் சாசனங்களை 1882-ஆம் ஆண்டில் றொபேட் சுவெல் என்பார் கண்டார். 1906-ஆம் ஆண்டில் திருநெல்வேலிப் பக்கத்து மருகால்தலையில் மற்றொரு சாசனம் கிடைத்தது. எழுத்து, அசோகன் சாசனங்களிற் கண்ட பிராமி போன்றதே. ஆயினும் அசோகன் எழுத்தை வாசிக்கும் முறையில் இவற்றை வாசித்தால், பாகதமும் ஆகாத தமிழும் ஆகாத ஒரு குழப்பமே எஞ்சியது. இலங்கையில் இதனையொத்த குகைகளும் எழுத்துக்களும் பௌத்த சங்கத்தாருக்கு உரியனவாய் இருத்தலைக் கண்டோர், இவையும் பௌத்தருடையனவே என்று முதலில் எண்ணினர். ஈழத்துக் குகைகளைப் பார்த்த கண் பாண்டிநாட்டுக் குகைகளிலும் அதனையே தேடிற்று. அது பிழையாயினும் இயற்கையான பிழையே.

1924-ஆம் ஆண்டிற் சென்னையிற் கூடிய கீழைத்தேயக் கலைஞர் மாநாட்டிலே கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஒரு கட்டுரை படித்தார். வடமொழிக்கும் பாகதத்துக்கும் இல்லாத ழ, ற, ன முதலிய ஒலிகளுக்கு இச்சாசனங்களில் தனி எழுத்து உண்டு. ஆதலின் மொழி தமிழே என்று அவர் காட்டினார். குழப்பத்துக்குக் காரணம் எழுதும் முறையில் இருந்தது. அசோகன் எழுத்தில், வேறு குறி இல்லாத மெய்யெழுத்தைக் கண்டால் அகரம் சேர்த்து வாசித்தல் வேண்டும். தமிழ் எழுதியோரோ, புள்ளியிடும் வழக்கம் தோன்றுமுன், குறியில்லாத எழுத்தைத் தனி மெய்யாகவே பெரும்பாலும் கொண்டனர். அகரம் வேண்டுமிடத்து ஆகாரத்துக்கு உரிய கோட்டை இட்டனர். இதனை அறியாதார் வாசிக்கையில், தமிழ்ச்சொல் தன் உருவிழந்து அயல்மொழி போல ஒலித்தது. சிறு கோடு ஒன்று எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதிற் சில நூற்றாண்டு வரலாறு மறைந்து கிடந்தது.

இத்துறையிற் பின்னர் வந்தவருள் தலையாயவர் ஐராவதம் மகாதேவன். அரசாங்க ஆட்சிப் பணியில் இருந்துகொண்டே குன்றுதோறும் ஏறி எழுத்துக்களைப் படியெடுத்தவர் அவர். 1965-ஆம் ஆண்டையொட்டி, மாங்குளத்திற் பாண்டியன் பெயரையும், கரூரை அடுத்த புகழூரிற் சேரர் பெயர்களையும் அவர் வாசித்து வெளியிட்ட பொழுது, சங்க நூல்களின் காலத்தைப் பற்றி ஐயுற்றோர் பலர் தம் கருத்தை மீண்டும் ஆராய வேண்டியவராயினர். 2003-ஆம் ஆண்டில் அவருடைய பெருநூல் வெளிவந்தது. 2018-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

மாங்குளத்துச் சாசனங்கள் ஆறு. அவற்றுள் ஒன்று, கணி நந்தன் என்னும் துறவிக்கு, நெடுஞ்செழியன் என்னும் பாண்டியனிடத்துப் பணிபுரிந்த கடலன் வழுதி என்பான் பள்ளி செய்வித்ததைக் கூறுகின்றது. மற்றொன்று அவ்வரசனின் மைத்துனன் முறையினன் ஒருவன் செய்தது. பிறிதொன்றிலே வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழு, நிகமம் என்னும் பெயரோடு தோன்றுகின்றது. அதன் தலைவன் காவிதி என்னும் பட்டம் உடையவன். மலையடிவாரத்துக்கு அணித்தாக உள்ள இன்றைய வெள்ளரிப்பட்டியே அவ்வூர் என்பர். அரசன் ஆள், அரசன் உறவினன், ஊர் வணிகர் ஆகிய மூவகையாரும் ஒரே மலையில் ஒரே காரியத்துக்காகப் பொருள் செலவிட்டிருக்கின்றனர். இவை கி. மு. இரண்டாம் நூற்றாண்டைச் சார்ந்தன என்பது ஆராய்ச்சியாளர் துணிபு.

இங்கே குறிக்கப்பட்ட நெடுஞ்செழியன், தலையாலங்கானத்துப் போர் வென்றவனாகப் புலவர் பாடிய நெடுஞ்செழியனுக்கு முற்பட்டவனாதல் வேண்டும். பெயர் ஒன்றாயினும் ஆள் வேறு. எனினும் இப்பெயரொற்றுமை ஒரு நினைவை எழுப்பாமல் விடுவதில்லை. பிற்பட்டவனைத் தலைவனாகக் கொண்டதெனக் கூறப்படும் நெடுநல்வாடையிலே, பாண்டிமாதேவியின் கட்டில் விரிவாகப் பேசப்படுகின்றது. நாற்பது ஆண்டு நிரம்பிய யானையின் தந்தத்தாற் கால் அமைந்தது அக்கட்டில். அதன்மேல் அன்னத்தின் மென்றூவி பரப்பிய அணை. அத்துணை மென்மையும் இருந்தும், கணவன் பாசறையில் இருத்தலின், அரசி கண்ணுறங்காது கிடக்கின்றாள். அதே குலத்தின் பெயரால் அதே மாநகரின் புறத்தே அமைந்த படுக்கைகளோ வெறுங்கல். அவற்றிற் கிடந்தவர் நன்றாக உறங்கினரா என்பதை எந்தப் புலவரும் பாடி வைக்கவில்லை.

அரசரைக் காட்டிலும் வணிகரே இவ்வறத்தில் மிக்கு நின்றனர் என்பதற்கு அழகர்மலைக் குகை சான்று. கிடாரிப்பட்டி ஊரின் மேலுள்ள அக்குகையிலே உப்பு வணிகன் ஒருவன், அறுவை வணிகன் ஒருவன், கொழு வணிகன் ஒருவன், பணித வணிகன் ஒருவன், மதுரைப் பொற்கொல்லன் ஒருவன் ஆகியோர் பெயர்கள் அடுத்தடுத்து வெட்டப்பட்டுள்ளன. அறுவை என்பது துணி. கொழு என்பது கலப்பையின் இரும்பு முனை. பணிதம் என்பது வெல்லப்பாகு. ஒரு பெருநகரின் கடைத்தெரு முழுவதும் மலைமேல் ஏறிவந்து கையொப்பம் இட்டது போலும் இக்காட்சி. புகழூர்க் குன்றிலே கரூர்ப் பொன்வணிகன் பெயர் காணப்படும். கீழவளவுக் குன்றிலே தொண்டியைச் சார்ந்த ஓர் உபாசகன் பெயர் உண்டு. தொண்டி கடற்கரைப் பட்டினம். கீழவளவுச் சாசனத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உளது: அதன் எழுத்துக்கள் தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் வெட்டப்பட்டுள்ளன. வெட்டியவன் எழுத்தறியாதவனோ, ஓலையைத் திருப்பிப் பிடித்தானோ, அன்றி வேண்டுமென்றே செய்தானோ, யார் கூறவல்லார்?

இவ்வரிசையில் ஈழத்தவர்க்கு உரிய பெயர் ஒன்றும் இருக்கின்றது. திருப்பரங்குன்றத்துக் குகையிலே எருக்காட்டூரில் வாழ்ந்த ஈழக் குடும்பிகன் போலாலையன் என்பான் செய்த அறம் பொறிக்கப்பட்டுள்ளது. குடும்பிகன் என்பது இல்லறத்தான், குடியானவன் என்னும் பொருளது. ஈழத்திலிருந்து சென்று பாண்டிநாட்டூர் ஒன்றிற் குடியேறிய ஒருவன், அவ்வூர்த் துறவியர்க்குப் படுக்கை அமைக்கத் தன் பொருளைக் கொடுத்தான். இலங்கையை ஈழம் என்னும் பெயராற் சுட்டும் மிகப் பழைய சாசனங்களுள் இஃது ஒன்று. அதேபோன்று இக்கரையிலும் ஒரு சான்று கிடைத்துள்ளது. அனுராதபுரத்திலே தமிழ் இல்லறத்தார் தமக்கென ஒரு மேடை அமைத்து, பாறையில் இன்னார் இருக்கை இஃது என்று பெயர் பொறித்த பிராமிச் சாசனத்தைக் கலாநிதி பரணவிதான 1940-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர்களுள் மரக்கலத் தலைவன் ஒருவனும் இருந்தான். அக்கரையில் ஈழத்தவன் படுக்கை செய்தான்; இக்கரையில் தமிழர் இருக்கை செய்தனர். இரண்டும் ஏறத்தாழ ஒரே காலத்து எழுத்து.

இனி, கல்லிலே படுப்பானேன் என்னும் கேள்விக்கு வருவோம். உடலை ஒறுத்தல் சமணர் கொள்கை. ஆதலிற் கல்லிற் படுத்தனர் என்பது பலரும் கூறும் விடை. விடை பிழையன்று; ஆனால் முழுமையும் அன்று. ஒறுத்தலே நோக்கமாயின், குகையின் கரடுமுரடான தரையே போதுமே. அதனைச் செதுக்குவானேன்? தேய்த்து வழவழப்பாக்குவானேன்? தலைக்கு உயரம் வைப்பானேன்? சித்தன்னவாசலிலே சில படுக்கைகள் இன்றும் கையை வைத்தால் வழுக்கும் அளவுக்கு மெருகு உடையன. உடலை வருத்துதற்காக ஒருவர் இத்துணை உழைப்பைச் செலவிடார்.

சமணத் துறவியின் முதல் நோன்பு கொல்லாமை. அக்கொல்லாமை எறும்பு, புழு, கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர் வரையில் செல்வது. நடக்கையில் நிலத்தை நோக்கி நடத்தல், இருக்குமுன் மயிற்பீலியால் இடத்தைத் துடைத்தல், படுக்குமுன் படுக்கையைச் சோதித்தல் ஆகியன அவர்தம் அன்றாட ஒழுக்கம். பஞ்சணையோ, உள்ளே எத்தனை உயிர் புகுந்து வாழ்கின்றன என்பதை மறைப்பது. அதனைச் சோதிக்கவும் இயலாது. சோதித்துத் தூய்மை செய்யவும் இயலாது. புல்லும் வைக்கோலும் வெறுநிலமும் அதனினும் மேலாயினும், மழைக்காலத்தில் அவற்றிலும் உயிர் மிகும். வழவழப்பான கல்லோ ஒளிப்பிடம் அற்றது. ஒருமுறை பீலியால் வருடினால், அதன்மேல் ஊர்வது யாது என்பது தெரிந்துவிடும். நீர் தேங்காமல் இடையே வாய்க்கால் விட்டதும் இதற்காகவே ஆதல் கூடும். ஈரம் படிந்த இடத்தில் உயிர் தோன்றும் அன்றோ! ஆதலின் இக்கல்லின் வன்மை துறவியின் உடலை நோக்கியது என்பதைவிட, அவனுடைய உடலின்கீழ் நசுங்கக்கூடிய எறும்பை நோக்கியது என்பதே பொருத்தம். படுத்த நிலையிலும் புரளாது, கோல் போலவோ வில் போலவோ ஒருபக்கமாய்க் கிடத்தல் வேண்டும் என்பது அவர்தம் விதி. படுக்கை அகலம் குறைந்திருத்தலுக்கும் அவ்விதிக்கும் தொடர்பு இருத்தல் இயல்பே.

காலமும் இதனோடு பொருந்துகின்றது. ஆண்டின் எட்டுத் திங்களும் ஊர்விட்டு ஊர் திரிய வேண்டியவர் இத்துறவியர். மழைத்திங்கள் நான்கில் மட்டும் ஓரிடத்தில் தங்குதல் விதி. ஈரநிலத்தில் நடந்தால் முளைத்தெழும் புல்லும் ஊரும் உயிரும் மாயும் என்பதே காரணம். தங்கும் இடம் மழைக்கு ஒதுங்கியதாயும், ஊருக்குள் இல்லாததாயும், பிச்சைக்குச் சென்று மீளத்தக்க தொலைவினதாயும் இருத்தல் வேண்டும். பெருவழிகளை அடுத்த குன்றுகள் இதற்கு வாய்ப்பாயின. குகையின் நெற்றியிலே பாறையைக் கீறி நீர்வடி விளிம்பு செய்தனர். மழைநீர் உள்ளே வழியாது விளிம்பிலேயே சொட்டிவிடும். வழிப்போக்குடைய வணிகர் இவ்வறத்தை விரும்பியதற்கும் காரணம் தேட வேண்டியதில்லை. ஊரூராய்ச் சென்று இரவுதோறும் படுக்க இடம் தேடும் துன்பம் அவர்க்குத் தெரியும்.

பௌத்த சங்கத்தாரின் விதி இதனோடு ஒப்பிடத்தக்கது. விநய நூலின்படி பிக்குவுக்குக் கட்டில் ஆகாது என்பதில்லை; கட்டிற்கால் புத்தர்விரலால் எட்டு விரல் உயரத்தை மிஞ்சலாகாது என்பதே விதி. மிஞ்சினாற் காலை அறுத்துவிட்டுத்தான் குற்றத்தை அறிக்கையிட வேண்டும். சாக்கிய குலத்து உபநந்தர் என்னும் பிக்கு உயர்ந்த கட்டிலிற் படுத்தமையால் இவ்விதி பிறந்தது என்பர். கட்டிலிலோ பீடத்திலோ பஞ்சு திணித்தல் தனிக் குற்றம். திணித்ததைப் பிடுங்கி எறிதல் வேண்டும். ஆனால் தலையணைக்குப் பஞ்சு இடலாம். அதுவும் தலையளவினதாய் இருத்தல் வேண்டும். நடுவழியை நாடிய சமயம் தலைக்கு மென்மையையும் உடலுக்கு வன்மையையும் வகுத்த விதம் இது. சமணர் தலைக்கும் கல்லே வைத்தனர்.

இலங்கையிலே ஆயிரத்துக்கு மேற்பட்ட குகைச் சாசனங்கள் கிடைத்திருந்தும், கல்லிற் படுக்கை செதுக்கும் வழக்கம் இங்கே பரவாமைக்கு இவ்வேறுபாடே காரணம் எனக் கொள்ளலாம். இங்கும் நீர்வடி விளிம்பு உண்டு. அதன்கீழ்க் கொடுத்தவன் பெயர் உண்டு. நாற்றிசையிலிருந்தும் வந்த, வாராத சங்கத்தார் யாவர்க்கும் உரியது என்னும் வாசகமும் பெரும்பாலும் உண்டு. தாழ்ந்த கட்டிலும் பாயும் இடத்தக்க வெறுந்தரையே உள்ளே விடப்பட்டது. மிகிந்தலைக் குன்றின் விளிம்பிலே, பெரும்பாறை ஒன்றின்கீழ், மகிந்த தேரரின் படுக்கை என்று காட்டப்படும் கற்பலகை இதற்கு விலக்கு. வெசாக்கு, பொசொன் நாள்களில் எண்சீலம் காப்போர் உயர்ந்த மஞ்சத்தையும் அகன்ற மஞ்சத்தையும் தவிர்த்து அன்றிரவு பாயிற் கிடப்பது, அப்பழைய விதி இல்லறத்தாரிடத்து வாழும் வடிவமாகும். பன்பாயும் ஓலைப்பாயும் விரித்துத் தரையிற் படுத்தே வளர்ந்த நாட்டுக்கு அஃது ஒரு நோன்பாகத் தோன்றிய காலம் மிகப் பழையதன்று.

படுக்கை கொடுத்தார் பெயர் கல்லில் நின்றது. படுத்தார் பெயர் அவ்வளவாக நிற்கவில்லை. விதிவிலக்காகச் சிலர் உளர். புகழூர்ச் சாசனத்தைக் கூறலாம். ஆதன் செல்லிரும்பொறை என்னும் சேரமானின் மகன் பெருங்கடுங்கோ. அவன் மகன் இளங்கடுங்கோ. அவ்விளையவன் இளவரசனாகியபோது, யாற்றூர்ச் செங்காயபன் என்னும் முதுதுறவிக்குக் கல் வெட்டிக் கொடுக்கப்பட்டது. பதிற்றுப்பத்தின் ஏழாம், எட்டாம், ஒன்பதாம் பத்துக்களுக்குத் தலைவரான சேரர் மூவரும் இவரே என்பது மகாதேவன் முடிபு. பட்டம் சூட்டும் விழாவுக்கு நினைவாகத் தூணோ மாளிகையோ எடுக்காமல், முதியவர் ஒருவர் முதுகு சாய்க்க ஓரிடம் செய்தனர். திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981-ஆம் ஆண்டிற் கண்டெடுத்த சாசனமும் இத்தகையதே. ஒளவையாராற் பாடப்பெற்ற அதியமான் நெடுமான் அஞ்சி, சதியபுதோ என்னும் குலப்பெயரோடு, பள்ளி ஒன்றை ஈந்ததாக அது கூறும். அசோகன் தன் சாசனத்திற் சோழ, பாண்டிய, கேரளரோடு குறித்த சதியபுத்திரர் யாவர் என்று அறிஞர் நெடுநாள் வாதிட்டனர். ஒரு படுக்கைச் சாசனத்தின் ஒற்றை வரி அவ்வாதத்தை முடித்து வைத்தது.

புதுக்கோட்டைக்கு அணித்தான சித்தன்னவாசல் இன்னும் நெருக்கமாகப் பேசுகின்றது. குன்றின் கீழ்ச்சரிவிலே, பாறையிற் குழிந்த படிகளிற் காலூன்றிக் கடந்து செல்ல வேண்டிய ஏழடிப்பட்டம் என்னும் குகையிலே படுக்கைகள் பதினேழு. அவற்றுள் மிகப் பழையதன் அருகே, எருமைநாட்டுக் குமுழூரிற் பிறந்த துறவி ஒருவருக்குச் சிறுபோசில் இளையர் செய்த இருப்பிடம் என்னும் பொருள்படும் சாசனம் உளது. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். வேற்று நாட்டிலிருந்து, ஒருவேளை வேற்று மொழி பேசிக்கொண்டு வந்த ஒருவருக்கு, பக்கத்தூர் இளைஞர் கூடிப் பாறையை வெட்டிப் படுக்கை செய்தனர். அவர் பிறந்த ஊர்ப் பெயரையும் மறவாது எழுதினர். ஏனைய படுக்கைகள் சிலவற்றில், கி. பி. ஏழாம் நூற்றாண்டு முதலாகிய எழுத்துக்களில் துறவிகளின் பெயர்கள் காணப்படுகின்றன. ஆக, ஒரே கல்லில் எழுநூறு எண்ணூறு ஆண்டு இடைவிட்டும் மனிதர் வந்து கிடந்திருக்கின்றனர்.

இவர்களுள் சிலர் இக்கல்லிலேயே உயிர் விட்டிருத்தல் கூடும். உணவை ஒறுத்து உயிர் துறத்தல் சமணரிடத்து உயர்ந்த நோன்பு. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றத்திலே சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாது இருந்து உயிர் நீத்ததைப் பழைய சாசனம் ஒன்று குறிக்கின்றது. அங்கே நாள் எண்ணிக்கையே வரலாறு. படுக்கை என்பது அவர்களுக்கு இரவுக்கு உரியது மட்டும் அன்று.

ஏழாம் நூற்றாண்டையொட்டிச் சைவமும் வைணவமும் ஓங்கிச் சமணம் தளர்ந்த செய்தி யாவரும் அறிந்தது. அதனை இங்கு விரிக்க வேண்டியதில்லை. தளர்ந்ததே அன்றி அழிந்திலது என்பதற்கு, ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டுகளில் அச்சணந்தி என்னும் முனிவர் ஆனைமலை, அழகர்மலை முதலிய குன்றுகளிற் செய்வித்த தீர்த்தங்கரர் உருவங்களே சான்று. பழைய குகைகள் சமணர்க்கு உரியன என்னும் முடிபு வலுப்பெற்றதும் அவ்வுருவங்களாலேயே. அதன்பின் குகைகள் வெறிதாயின. ஆடு மேய்ப்போர் வெயிலுக்கு ஒதுங்கினர். எழுத்தை அறிவார் இலர். பாண்டவர் பெயர் வந்து அமர்ந்தது.

இந்நூற்றாண்டிலே குன்றுகளுக்கு வந்துள்ள இடர் வேறு. கருங்கல்லுக்கு உலகச் சந்தையில் விலை ஏறியமையால், மதுரை வடக்கிலும் மேலூர்ப் பக்கத்திலும் குன்றுகள் பல வெட்டித் துண்டாக்கப்பட்டன. மேலூர்ப் பகுதியிலுள்ள அரிட்டாபட்டிக் குன்றில், நெல்வேலியைச் சார்ந்த வெளியன் என்பான் செய்வித்த முழைக்குச் சான்றான சாசனம் நெடுங்காலமாகவே அறியப்பட்டது. இலஞ்சி வேள் ஒருவனின் மகன் எமயவன் பெயர் தாங்கிய பிறிதொரு சாசனம் 2003-ஆம் ஆண்டில் அங்கே தெரியவந்தது. 2022-ஆம் ஆண்டில் அவ்விடம் தமிழ்நாட்டின் முதலாவது பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஈராண்டு கழியுமுன், 2024-ஆம் ஆண்டில், அப்பகுதியை உள்ளிட்ட நிலத்தில் தங்குதன் என்னும் உலோகம் அகழ்தற்கு உரிமை ஏலத்தில் விடப்பட்டது. ஊர்மக்கள் திரண்டெழுந்து மதுரை நோக்கி நடந்தனர். 2025-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் இந்திய நடுவண் அரசு அவ்வேலத்தை நீக்கிற்று.

அரிட்டாபட்டிச் சாசனங்களில் முழை என்பதற்கு எழுதப்பட்ட சொல் முழாகை. குன்றின் பிளவுகளில் மலையெறும்புகள் இன்றும் உள. வெளியன் செய்வித்த முழையின் நெற்றியில், நீர்வடி விளிம்பை ஒட்டி, அவன் பெயர் இருந்தபடியே இருக்கின்றது.